முதல் ரூபாயை எங்கே போடுவது? இலங்கை வேளாண்மையை நிமிர்த்தும் வழிகள்: ஓர் ஒப்பீடு

வேளாண்மையை நவீனமயமாக்குவோம் என்று சொல்லாத அரசாங்கம் இலங்கையில் இருந்ததில்லை. 2022 ஏப்ரல் 12 அன்று, வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த முடியாது என்று நாடு கைவிரித்த பிறகு இந்தப் பேச்சு இன்னும் சூடுபிடித்திருக்கிறது. டொலர் இல்லாவிட்டாலும் மண் இருக்கிறது, குளம் இருக்கிறது, ஆண்டுக்கு இரண்டு போகம் இருக்கிறது, ஆகவே வயலில் இருந்தே பொருளாதாரத்தை நிமிர்த்தலாம் என்பது வாதம். வாதத்தில் பிழையில்லை. ஆனால் ட்ரோன், பசுமைக்குடில், காணி உறுதி, பசளை மானியம், களஞ்சியம் எல்லாம் மேடையில் ஒரே மூச்சில் வந்துவிடும். வரவு செலவுத் திட்டத்தில் அப்படி வராது. 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியத்துடன் செய்துகொண்ட ஏற்பாட்டுக்குப் பிறகு, ஒன்றுக்குக் கொடுத்தால் இன்னொன்றுக்கு இல்லை என்ற நிலையில்தான் திறைசேரி இருக்கிறது. எல்லாமே நல்ல யோசனைகள்தான். எதை முதலில் செய்வது என்பதில்தான் சண்டை.

நான் வைத்துக்கொள்ளும் அளவுகோல் எளியது. மொத்த உள்நாட்டு உற்பத்தியில் வேளாண்மையின் பங்கு ஏறக்குறைய 8 சதவீதம். வேலை செய்வோரில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் அதில் இருக்கிறார். நாலில் ஒரு பங்கு உழைப்புக்குப் பன்னிரண்டில் ஒரு பங்கு வருமானம் என்றால், நாட்டின் வறுமை எங்கே குடியிருக்கிறது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. எனவே விளைச்சல் எவ்வளவு கூடியது என்பதை மட்டும் பார்த்தால் போதாது. கூடியதில் எவ்வளவு விவசாயியின் கையில் தங்குகிறது, எவ்வளவு டொலர் மிச்சமாகிறது, பலன் எத்தனை போகத்தில் தெரியும் என்ற மூன்றையும் சேர்த்தே நிறுக்க வேண்டும்.

கம்பனிகளிடம் காணியைக் கொடுப்பது

துண்டு துண்டான காணிகளை ஒன்றாக்கிக் கம்பனிகளிடம் நீண்டகாலக் குத்தகைக்குக் கொடுத்தால் முதலீடும் இயந்திரமும் தாமாக வந்து சேரும் என்பது கொழும்பின் வர்த்தக வட்டாரங்களில் செல்வாக்குள்ள யோசனை. இதைச் சோதித்துப் பார்க்க வெளிநாடு போக வேண்டியதில்லை. தேயிலை இருக்கிறது.

1972இன் காணிச் சீர்திருத்தச் சட்டம் தனியாருக்கு 50 ஏக்கர் என்று உச்சவரம்பு வைத்தது. 1975இல் கம்பனித் தோட்டங்களும் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிர்வாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளின் கைக்கு மாறியது. இதே காலத்தில் காலி, மாத்தறை, இரத்தினபுரி மாவட்டங்களில் வீட்டைச் சுற்றியிருந்த காணியில் தேயிலைக் கன்று நட்ட சிறு உடைமையாளர்கள் பெருகினார்கள். பெரும்பாலானோரிடம் இருப்பது ஒரு ஏக்கருக்கும் குறைவு. இன்று நாட்டின் தேயிலையில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு இவர்களிடமிருந்துதான் வருகிறது. தேயிலைக் காணியில் இவர்களுடைய பங்கு அதைவிடக் குறைவு. அதாவது, ஏக்கருக்குக் கூடுதலாக விளைவிப்பவர் பெரியவர் அல்லர், சிறியவர்.

இதில் ஒரு நியாயத்தைக் கம்பனிகளுக்கும் கொடுக்க வேண்டும். அவர்கள் கையில் இருப்பது பல இடங்களில் வெள்ளைக்காரன் காலத்து விதைத் தேயிலை, செங்குத்தான மலைச்சரிவு, உயரத்தால் மெல்ல வளரும் கொழுந்து. சிறு உடைமையாளர் நட்டதோ தலவாக்கலையில் உள்ள தேயிலை ஆராய்ச்சி நிலையம் தேர்ந்து கொடுத்த வெட்டுத்துண்டு ரகங்கள். ஆனால் பழைய செடியைப் பிடுங்கிப் புதியதை நடுவதற்குத்தானே முதலீடு வேண்டும் என்றார்கள்? குத்தகை முடியும் ஆண்டை எண்ணிக்கொண்டிருப்பவர், கொழுந்து தரப் பல ஆண்டு எடுக்கும் மறுநடுகையில் பணத்தைப் போடத் தயங்குவார். தன் பிள்ளைக்குப் போகும் காணி என்றால் யாரும் சொல்லாமலே நடுவார். மலையகத்தில் ஐந்தாறு தலைமுறையாகக் கொழுந்து பறிப்பவர்களுக்கு லயன் அறையும் வீடு கட்டச் சில பேர்ச் நிலமும் போதும் என்று நினைப்பதை விட்டு, கைவிடப்பட்ட தோட்டத் துண்டுகளை அவர்களிடமே சிறு உடைமையாகக் கொடுத்துப் பார்த்தால் என்ன என்ற கேள்வியை வர்த்தக வட்டாரங்கள் கேட்பதில்லை.

கம்பனிக்கு வேறோர் இடம் உண்டு. உலக வங்கியின் கடனுதவியுடன் 2016இல் தொடங்கிய விவசாயத் துறை நவீனமயமாக்கல் திட்டத்தில், இராஜாங்கனை விவசாயிகள் வளர்த்த புளிவாழை வளைகுடா நாடுகளுக்குப் போனது. வளர்த்தது குடும்பம், கழுவிப் பொதிசெய்து கப்பலேற்றியது நிறுவனம். இந்தப் பிரிவினை எனக்குச் சரியாகப் படுகிறது. காணி விவசாயியிடமும் சந்தை அதை அறிந்தவரிடமும் இருக்கட்டும்.

இயந்திரம்: வந்துவிட்டது, வந்ததால் வந்த வினை

நம் விவசாயி இன்னும் மாடு பூட்டி உழுகிறார் என்ற நினைப்பில் எழுதப்படும் திட்டங்கள் ஏராளம். உண்மையில் நெல் வயலில் இயந்திரமயமாக்கல் பெருமளவு முடிந்துவிட்டது. அம்பாறையிலும் பொலன்னறுவையிலும் கிளிநொச்சியிலும் உழவு இயந்திரம் உழுகிறது, அறுவடை இயந்திரம் வெட்டிச் சூடடித்துத் தூற்றி மூட்டையில் கொட்டுகிறது. இதற்கென்று எந்த அரசாங்கமும் பெரிய திட்டம் போடவில்லை. கூலியாள் கிடைக்கவில்லை, லீசிங் நிறுவனம் கடன் கொடுத்தது, வாங்கியவர் ஏக்கருக்கு இவ்வளவு என்று வாடகைக்கு விட்டார். ஐந்து ஏக்கர்க்காரரும் ஒரு ஏக்கர்க்காரரும் ஒரே இயந்திரத்தை அழைக்கிறார்கள். ஆகவே இயந்திரத்துக்கு மானியம் என்பது, தானாக ஓடும் வண்டியைத் தள்ளுவதற்குச் சம்பளம் கொடுப்பது.

ஆனால் இந்த இயந்திரம் ஒரு முடிச்சை அவிழ்த்து இன்னொன்றைப் போட்டுவிட்டது. கையால் வெட்டிய காலத்தில் கதிர் கட்டாகக் கிடந்து வெயிலில் காயும், போர் வைப்பார்கள், சில நாள் கழித்தே சூடடிப்பார்கள். இப்போது காலையில் கதிராக நின்றது மதியம் மூட்டையில் இருக்கிறது, 20 சதவீதத்துக்கும் மேற்பட்ட ஈரப்பதனோடு. ஈரநெல்லை மூட்டையில் வைத்தால் சில நாட்களில் சூடேறிப் பழுக்கும், முளைக்கும். காயவைக்கத் தளம் எங்கே? வன்னியில் பெரும்போக அறுவடைக் காலத்தில் தார்வீதியின் ஒரு பாதி நெல்லால் மஞ்சளாகிவிடுவதற்குக் காரணம் இதுதான். வீதியும் கிடைக்காதவர், அல்லது மழைமுகிலைக் கண்டவர், வரம்பிலேயே வந்து நிற்கும் லொறிக்குச் சொன்ன விலைக்குக் கொடுத்துவிடுகிறார்.

அவசரத்துக்கு இன்னொரு காரணம் நகை. விதைப்புக்கு முன் மனைவியின் சங்கிலி அடகுக்குப் போகிறது. பசளைக் கடைக்காரரிடம் கடன் இருக்கிறது, உழவு இயந்திரக்காரரிடம் பாக்கி இருக்கிறது. அறுவடை அன்றே எல்லோரும் வாசலில் நிற்பார்கள். ஆண்டு நெல்லில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு பெரும்போகத்தில், பெப்ரவரி, மார்ச் ஆகிய இரண்டு மாதங்களுக்குள் வெளிவருகிறது. வாங்கி உலர்த்திச் சேமிக்கும் வசதி பெரும்பாலும் பெரிய ஆலைகளிடம், அதிலும் பொலன்னறுவையில் குவிந்த ஆலைகளிடம் இருக்கிறது. விலையை யார் தீர்மானிப்பார்கள் என்பதற்குப் பொருளியல் பட்டம் தேவையில்லை.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 2025 பெரும்போகத்துக்கு அரசாங்கம் அறிவித்த உத்தரவாத விலை 'நாடு' வகை நெல்லுக்குக் கிலோ 120 ரூபாய், சம்பாவுக்கு 125, கீரிச் சம்பாவுக்கு 132. ஈரப்பதன் 14 சதவீதத்துக்கு மேற்படக்கூடாது என்பது நிபந்தனை. 22 சதவீத ஈரமுள்ள 100 கிலோ நெல்லை 14 சதவீதத்துக்கு உலர்த்தினால் ஏறக்குறைய 91 கிலோ மிஞ்சும். 120 ரூபாய் வீதம் அது 10,900 ரூபாய் அளவில் வரும். ஆகவே ஈரநெல்லுக்கு வரம்பில் 109 ரூபாய் கிடைத்தால் விவசாயிக்கு நட்டமில்லை. 90 ரூபாய்தான் கிடைக்கிறது என்றால், 100 கிலோவுக்கு 1,900 ரூபாய் லொறியில் ஏறிப் போகிறது. உலர்த்தும் செலவு, போக்குவரத்து எல்லாம் போனாலும் இந்த இடைவெளியில் கணிசமான பகுதி விவசாயியுடையதாகியிருக்கும். புதிய விதை, புதிய பசளை, புதிய சட்டம் எதுவும் இல்லாமல், ஏற்கெனவே விளைந்த நெல்லில் இருந்தே எடுக்கக்கூடிய வருமானம் இது.

மரக்கறியிலும் இதே கதைதான், இன்னும் மோசமாக. வயலுக்கும் சமையலறைக்கும் இடையில் பழமும் மரக்கறியும் 30 முதல் 40 சதவீதம் வரை வீணாகின்றன என்பது நீண்டகாலமாகச் சொல்லப்படும் மதிப்பீடு. தக்காளியைச் சாக்கில் அடைத்து, மூட்டைமேல் மூட்டையாக ஏற்றி, அதற்கு மேல் ஆளும் ஏறி உட்கார்ந்து போகும் நாட்டில் இது ஆச்சரியமில்லை. 2011 இறுதியில் பிளாஸ்டிக் கூடைகளைக் கட்டாயமாக்கினார்கள். கூடை விலை யார் தலையில், வெறுங்கூடை திரும்பி வரும் லொறிக் கூலி யார் தலையில் என்பதை யாரும் முடிவுசெய்யவில்லை. தம்புள்ளையில் எதிர்ப்புக் கிளம்பியது, உத்தரவு பின்வாங்கப்பட்டது. திட்டம் சரி, செலவுப் பங்கீடுதான் இல்லை.

களஞ்சியத் தட்டுப்பாட்டைப் பற்றிய நினைவூட்டலுக்கு மத்தளை விமான நிலையம் போதும். 2013இல் திறக்கப்பட்டு விமானமின்றிக் கிடந்த அதன் சரக்குக் கட்டடத்தில் 2015இல் நெல் மூட்டை அடுக்கினார்கள். எதிர்ப்பு எழுந்தது. எனக்கென்னவோ, அந்தக் கட்டடத்துக்குக் கிடைத்த உருப்படியான வேலை அதுதான் என்று தோன்றியது.

பசளை

பசளை மானியத்தை விமர்சிப்பது எளிது. 1962இல் தொடங்கிய அது, அரசியல்வாதி கைவைக்கப் பயப்படும் செலவு. 2021இல் கைவைத்தார்கள், அதுவும் மானியத்தில் அல்ல, பசளையிலேயே. அந்த ஆண்டு மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதி ஒரே வர்த்தமானியில் நிறுத்தப்பட்டது. நவம்பரில் தடையைத் தளர்த்தியபோது பெரும்போக விதைப்பு நடந்துகொண்டிருந்தது. 2021/22 பெரும்போக நெல் விளைச்சல் முந்தியதைவிட மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் சரிந்தது. அடுத்த ஆண்டுத் தேயிலை உற்பத்தி கால் நூற்றாண்டு காணாத அளவுக்குத் தாழ்ந்தது. தடைக்கு முந்திய 2020இல் பசளை இறக்குமதிக்குப் போன டொலர் ஏறக்குறைய 260 மில்லியன். 2022 ஜனவரியில் நெல் விவசாயிகளுக்கு மட்டும் அறிவிக்கப்பட்ட நட்டஈடு ஏறக்குறைய 200 மில்லியன் டொலர் பெறுமதி. அரிசி இறக்குமதி, தேயிலையில் இழந்த டொலர் ஆகியவை இதற்கு மேல். சேமிப்பு என்று தொடங்கியது எங்கே போய் முடிந்தது என்பதற்கு வேறு விளக்கம் வேண்டாம்.

இதிலிருந்து 'பசளைக்கு எவ்வளவு கொடுத்தாலும் தகும்' என்ற முடிவுக்குத் தாவுவதும் தவறு. தென்கிழக்கு ஆபிரிக்காவின் மலாவி, 2005 பஞ்சத்துக்குப் பின் விதைக்கும் பசளைக்கும் பெரிய மானியம் கொடுத்தது. ஓரிரு ஆண்டில் சோளம் மிகுந்து அயல்நாட்டுக்கு விற்றார்கள். உலகம் மெச்சியது. ஆனால் மானியம் வரவு செலவுத் திட்டத்தை விழுங்கியது, டொலர் நெருக்கடி வந்தபோது பசளை கப்பலேறவில்லை, பசி திரும்பி வந்தது. பசளை மானியத்தின் இயல்பு அதுதான்: அந்தப் போகத்துக்குப் பலன் உண்டு, அடுத்த போகத்துக்கு மீண்டும் அதே செலவு.

இலங்கையில் 2024/25 பெரும்போகத்தில் ஹெக்டயருக்கு 25,000 ரூபாய், உச்சம் இரண்டு ஹெக்டயர் வரை, வங்கிக் கணக்கில் போடப்பட்டது. பையாகக் கொடுப்பதைவிடக் காசாகக் கொடுப்பது மேல். யூரியா மலிவாகக் கிடைத்தால் மண்ணுக்குத் தேவையோ இல்லையோ வீசுவார்கள். யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணாம்புக்கல் நிலத்தடி நீரில் நைத்திரேற்று ஏறியதில் அந்தப் பழக்கத்துக்குப் பங்குண்டு. காசு கொடுப்பதை இருக்கும் அளவிலேயே வைத்துக்கொண்டு, இனிக் கூடும் ரூபாயை மண் பரிசோதனைக்குக் கொடுப்பதே என் தெரிவு. மானியத்தை ஒரேயடியாக வெட்டுங்கள் என்று ஆலோசனை சொல்பவர்கள் 2021ஐ ஒருமுறை திரும்பப் பார்க்கட்டும்.

பசுமைக்குடிலும் சூரியப் பம்பியும்

சுருக்கமாகவே சொல்லிவிடலாம். நுவரெலியாவில் குடைமிளகாய் வளர்த்து ஹோட்டலுக்குக் கொடுப்பவருக்குப் பசுமைக்குடில் வேண்டும், அவர் வங்கிக் கடனில் போட்டுக்கொள்வார். நாட்டின் பெரும்பான்மைப் பயிர் கூரைக்குக் கீழே வராது. பொலித்தீனும் சொட்டுநீர்க் குழாயும் டொலரில் வருகின்றன, கிழிந்தால் மறுபடி டொலர். சூரிய சக்தி நீர்ப்பம்பி மட்டும் யோசிக்க வேண்டிய விதிவிலக்கு. 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயில் இருந்து 340க்குத் தாவியபோது வெங்காயத் தோட்டக்காரர் பட்ட பாட்டை நினைத்தால் அதன் அருமை புரியும். ஆயினும் எரிபொருட் செலவு இல்லாத பம்பி ஓய்வில்லாமல் ஓடும். ஏற்கெனவே உவராகும் யாழ்ப்பாண வலிகாமத்துக் கிணறுகளில் அதற்கும் ஒரு கட்டுப்பாடு சேர்ந்தே வர வேண்டும்.

காணி உறுதி

இது பணம் குறைவாகவும் அரசியல் அதிகமாகவும் கேட்கும் வழி. நாட்டின் நிலத்தில் பெரும்பகுதி அரச காணி. உலர்வலயக் குடியேற்றங்களில் விவசாயி கையில் வைத்திருப்பது 1935இன் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழான அனுமதிப்பத்திரம் அல்லது அளிப்பு. அரசின் அனுமதியின்றி விற்க முடியாது, பிரிக்க முடியாது, தனியார் வங்கியில் ஈடுவைக்க முடியாது. 2022 திருத்தம் வரும் வரை வாரிசு வரிசையில் மகனுக்கே முன்னுரிமை. மகாவலியில் குடும்பத்துக்கு இரண்டரை ஏக்கர் வயலும் அரை ஏக்கர் மேட்டுக்காணியும் கொடுத்தார்கள். இப்போது அந்த இரண்டரை ஏக்கரில் மூன்றாம் தலைமுறை நிற்கிறது. காகிதத்தில் ஒரு பெயர், வயலில் வேறொருவர், இடையில் எழுதப்படாத குத்தகை. எழுதப்படாத குத்தகைக்காரருக்குப் பசளைக் காசும் வராது, காப்புறுதியும் வராது.

வியட்நாம் இந்த வழியின் செல்லப்பிள்ளை. 1980களின் நடுவில் பட்டினியோடு நின்ற நாடு. 1988இல் கூட்டுப்பண்ணைக் காணியைக் குடும்பங்களிடம் பயிரிடக் கொடுத்தது, சந்தையைத் திறந்தது. 1989இல் அரிசி ஏற்றுமதி நாடாகிவிட்டது. 1993 சட்டத்தில் காணி உரிமையைக் கைமாற்றவும் ஈடுவைக்கவும் வழி வந்தது. ஆனால் வியட்நாமில் வாய்க்காலும் நல்ல விதையும் ஏற்கெனவே இருந்தன, இல்லாதது உழைத்தவனுக்குப் பலன். இலங்கை நெல் விவசாயிக்கு விளைந்ததை விற்கத் தடையில்லை. அவரை இறுக்குவது விற்கும் நேரமும் விலையும். ஆகவே உறுதி கொடுத்த மறுநாளே விளைச்சல் துள்ளும் என்று எதிர்பார்க்க முடியாது. 2024இல் உறுமய என்ற பெயரில் முழு உரிமை கொடுக்கத் தொடங்கியது சரியான திசைதான். நெல் விலை வீழ்ந்து நகை அடகில் கிடக்கும் ஆண்டில் விற்கும் உரிமை கைக்கு வந்தால் முதலில் போவது காணிதான் என்ற அச்சமும் நியாயமானது. எனவே முதற்கட்டமாகக் குத்தகையைச் சட்டப்படி எழுத அனுமதிக்கட்டும், ஈடுவைக்க அனுமதிக்கட்டும். விற்பனை பின்னால் வரலாம்.

வடக்கில் இந்த விவாதம் இன்னும் ஒரு படி பின்னால் நிற்கிறது. வலிகாமம் வடக்கின் செம்மண் இலங்கையின் வளமான தோட்ட நிலங்களில் ஒன்று. 1990இல் இருந்து உயர் பாதுகாப்பு வலயமாகிப் படிப்படியாக விடப்பட்டும் இன்னும் முழுதாக மீளாத காணி அதில் உண்டு. அங்கே திறைசேரி ஒரு சதமும் செலவழிக்க வேண்டியதில்லை, வேலியை அகற்றினால் போதும். நவீனமயமாக்கல் திட்டங்களில் இவ்வளவு மலிவான ஒன்றை நான் கண்டதில்லை. ஆனால் அது எந்தத் திட்டத்திலும் இல்லை.

விதையும் போதனாசிரியரும்

சுதந்திரம் கிடைத்தபோது நாடு தன் அரிசியில் பாதிக்கும் மேல் இறக்குமதி செய்தது. இன்று நல்ல மழை பெய்த ஆண்டில் ஏறக்குறைய முழுவதும் இங்கேயே விளைகிறது. அதற்குக் காரணம் என்ன என்று கேட்டால் பலரும் மகாவலி அணைகளைக் காட்டுவார்கள். அணைகள் பரப்பைக் கூட்டின, மறுக்க முடியாது. ஆனால் ஒரே ஏக்கரில் இரண்டு மடங்கும் மூன்று மடங்கும் விளைய வைத்தது பத்தலகொடை. குருநாகல் மாவட்டத்தில் உள்ள அந்த நெல் ஆராய்ச்சி நிலையத்தில் இருந்து 1950களின் பிற்பகுதியில் எச்-4 என்ற ரகம் வந்தது. பிறகு பி.ஜி. வரிசை ரகங்கள் வந்தன. ஒரு ரகத்தை உருவாக்கப் பத்தாண்டு எடுத்தாலும், வெளிவந்த பின் விவசாயியிடம் இருந்து விவசாயிக்குக் காசில்லாமல் பரவும். ரூபாய்க்கு ரூபாய் பார்த்தால் இந்நாடு வேளாண்மையில் போட்ட முதலீடுகளில் இதைவிட இலாபமானது வேறில்லை என்பது என் கணிப்பு.

அந்த ரகங்களை ஊருக்குக் கொண்டுபோனவர்கள் கிராம மட்ட விவசாய விரிவாக்க அலுவலர்கள். 1989இல் அவர்களில் 2,000 பேருக்கும் மேற்பட்டோரைக் கிராம சேவை அலுவலர்களாக மாற்றிவிட்டார்கள். நெல்லில் மடிச்சுக்கட்டுப்புழு வந்தால் சொல்ல வேண்டியவர் வதிவிடச் சான்றுக்குக் கையெழுத்துப் போடத் தொடங்கினார். மாகாண சபைகளைக் கொண்டுவந்த பதின்மூன்றாவது அரசியலமைப்புத் திருத்தத்துக்குப் பின் விரிவாக்கம் மத்திக்கும் மாகாணத்துக்கும் பிரிந்தது. ஒரு விவசாயப் போதனாசிரியர் பார்க்கும் குடும்பங்களின் எண்ணிக்கை பெருத்தது. வெற்றிடத்தை நிரப்பியவர் கிருமிநாசினிக் கடைக்காரர். 2018இல் சோளத்தில் படைப்புழு நுழைந்தபோது எதை, எப்போது, எவ்வளவு தெளிப்பது என்று அவர்தான் சொன்னார். அவருக்கு எந்தப் போத்தல் விற்க வேண்டுமோ அதைச் சொன்னார்.

இந்த வழியின் குறை, காலம். பலன் அடுத்த தேர்தலுக்குள் தெரியாது. 2025 மார்ச் 15 அன்று தோட்டத்துக் குரங்கையும் மயிலையும் ஐந்தே நிமிடத்தில் எண்ணி முடிக்க நாடு தழுவிய ஏற்பாடு நடந்தது. கேலி செய்யப்பட்டாலும் பயிரழிவு நிஜம், ஊரில் யாராவது அதைப் பதிந்தாக வேண்டும் என்பதும் நிஜம். அந்த வேலைக்கென்று நிரந்தரமாக ஒருவர் இருந்திருந்தால் ஐந்து நிமிடத்துக்கு ஒரு நாடு முழுவதும் தோட்டத்தில் இறங்கி நின்றிருக்க வேண்டியதில்லை.

என் வரிசை

முதல் ரூபாய் அறுவடைக்குப் பின்னான நிலைக்கு: உலர்த்தல், களஞ்சியம், நெல்லைக் காட்டிக் கடன். இரண்டாவது ரூபாய் விதை ஆராய்ச்சிக்கும் போதனாசிரியருக்கும். காணிச் சட்டத்தை இவற்றோடு கூடவே நடத்தலாம், அதற்கு ரூபாயைவிடத் துணிச்சல்தான் வேண்டும். பசளைக் காசு இப்போதுள்ள அளவில் நிற்கட்டும். இயந்திரத்துக்கும் பசுமைக்குடிலுக்கும் அரசாங்கம் வழிவிட்டால் போதும்.

இந்த வரிசைக்கு வலுவான எதிர்வாதம் ஒன்று உண்டு. உலர்த்துவது இலாபம் என்றால், அறுவடை இயந்திரம் பரவியதுபோல உலர்த்தும் இயந்திரமும் ஏன் தானாகப் பரவவில்லை? நானும் இதில் நெடுநேரம் நின்றேன். அறுவடை இயந்திரத்துக்கு வாடகை கொடுக்க விவசாயி தயார், ஏனெனில் வெட்டாவிட்டால் நெல் கொட்டிவிடும். உலர்த்த வாடகை கொடுக்க அவர் தயாரில்லை, ஏனெனில் உலர்ந்த நெல்லுக்குக் கூடுதல் விலை தருவார் யாருமில்லை. லொறிக்காரர் ஈரத்துக்கு விலையைக் குறைப்பார், உலர்ந்ததற்குக் கூட்டமாட்டார். உலர்ந்த நெல்லுக்கு விலை வைத்திருப்பது நெல் சந்தைப்படுத்தும் சபை மட்டுமே. அதுவோ சிறிய பங்கை, அதுவும் பிந்தி, வாங்குகிறது. ஆகவே இயந்திரத்தைக் கொண்டுவந்து நிறுத்துவதற்கு முன்னால், உலர்ந்த நெல்லுக்கு ஒரு நிச்சயமான வாங்குபவர் தேவை. அவர் வந்துவிட்டால் லீசிங் நிறுவனமும் வாடகைக்காரரும் தாமாக வருவார்கள். களஞ்சியத்தில் வைத்த நெல்லுக்குத் தரும் பற்றுச்சீட்டை வங்கியில் ஈடுவைத்து, நகையை மீட்டு, விலை ஏறும்வரை காத்திருக்கும் முறை இலங்கையில் மாதிரித் திட்டமாக நடந்திருக்கிறது. அதற்கும் அடிப்படை உலர்ந்த நெல்தான்.

இன்னொரு கேள்வி, நெல் மிகுந்தால்? மிகும். அப்போது சிறுபோகத்தில் ஒரு பகுதி வயலாவது பெரிய வெங்காயம், மிளகாய், பயறு, சோளம் ஆகியவற்றுக்குத் திரும்ப வேண்டும். செத்தல் மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் இந்தியாவை எவ்வளவு நம்பியிருக்கிறோம் என்பது 2023 டிசம்பரில் அந்நாடு வெங்காய ஏற்றுமதியை நிறுத்தியபோது தெரிந்தது. 1970களின் முற்பகுதியில் இறக்குமதிக் கட்டுப்பாட்டின் நிழலில் யாழ்ப்பாண விவசாயி மிளகாயிலும் சின்ன வெங்காயத்திலும் கல்வீடு கட்டினார். 1977இல் கதவு திறந்ததும் விலை விழுந்தது. வெறும் இறக்குமதித் தடையை நம்பிப் பயிரை மாற்றச் சொன்னால் அதே கதைதான் மறுபடி நடக்கும். மாறுகிறவருக்கு முதல் இரண்டு போகத்துக்காவது காப்புறுதியும் வெங்காயம் காயவைக்கக் கொட்டகையும் வேண்டும். அதுவும் அறுவடைக்குப் பின்னான செலவுதான்.

கடைசியாக ஒரு நடைமுறை விஷயம். அம்பாறையில் பெரும்போக அறுவடை ஜனவரி இறுதியிலேயே தொடங்கிவிடுகிறது. அரசாங்கத்தின் நிதியாண்டு ஜனவரி முதலாம் திகதி பிறக்கிறது. 2025இல் உத்தரவாத விலை பெப்ரவரியில்தான் அறிவிக்கப்பட்டது. அதற்குள் கிழக்கில் முந்தி வெட்டியவர்களின் நெல் கைமாறிவிட்டது. விலையை ஒக்டோபரில், விதைப்புக்கு முன்பே அறிவிக்கட்டும். கொள்வனவுப் பணத்தை டிசம்பரிலேயே மாவட்டக் களஞ்சியங்களின் கணக்கில் போடட்டும். ஒவ்வொரு கமநல சேவை நிலையத்திலும் ஈரமானி ஒன்று, சரிபார்த்தது, விவசாயி தன் கண்ணால் பார்க்கும்படி இருக்கட்டும். இந்த மூன்றுக்கும் புதிய அமைச்சோ, வெளிநாட்டுக் கடனோ வேண்டாம்.